‘கூட யாரு வர்றாங்க?’

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வயதான பெண்கள் வெளிநாட்டுப் புனிதத் தலங்களுக்குத் தனியாகக் கிளம்புவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது, அது பக்தியில் சேராது, ஊர் சுற்றுவதில்தான் சேரும், ஒரு சாமியார் தலைமையில் நாலு பேரோடு போனால்தான் அது திருப்பயணம் என்று சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் மகனும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னான். அப்போது நான் வாய் திறக்கவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 63 வயது, ஊர் கருமத்தம்பட்டி. மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடமாகிறது. குழுவோடும் போயிருக்கிறேன், தனியாகவும் போயிருக்கிறேன். 2018-ல் 46 பேரோடு ஜெருசலேம், 2024 செப்டம்பரில் ஒண்டியாகப் பிரான்சு நாட்டு லூர்து. இரண்டில் எது பக்தி என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை, ஆனால் எதில் எனக்கு உட்கார நேரம் கிடைத்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

முதலில் ஜெருசலேம். பத்து நாளில் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என மூன்று நாடு. விடியற்காலை நாலரைக்குக் கதவைத் தட்டுவார்கள். வழிகாட்டி ஒரு மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார், நாங்கள் பின்னால் ஓடுவோம், பஸ் ஏறும்போதெல்லாம் தலை எண்ணுவார்கள். பெத்லகேமில் பிறப்புக் கோவிலின் வாசல் நாலடி உயரம்தான் இருக்கும், எவ்வளவு பெரிய ஆளும் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே குகையில் ஆண்டவர் பிறந்த இடத்தைக் காட்டும் 14 முனை வெள்ளி நட்சத்திரம். அதைத் தொட்டு முத்தமிட எனக்குக் கிடைத்த நேரம், ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடிக்கக்கூடப் போதவில்லை. அப்புறம் ஒலிவ மரச் சாமான் விற்கிற ஒரு கடையில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒன்றரை மணி நேரம்! கடைக்காரருக்கும் ஏஜென்ட்டுக்கும் என்ன ஏற்பாடோ. நோட்டீசில் எழுதாத ‘டிப்ஸ்’ என்று ஆளுக்கு 60 டாலர் பஸ்ஸுக்குள்ளேயே வசூல் பண்ணினார்கள், ரசீது கேட்டதற்கு ஏதோ நான் பாவம் செய்த மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரசீது கேட்பது எனக்கு 31 வருடப் பழக்கம், அதை விட முடியுமா?

திருக்கல்லறைக் கோவிலில் ஒன்று பார்த்தேன், அது மட்டும் மறக்காது. கிரேக்கர், நம்ம கத்தோலிக்கர், அர்மீனியர், காப்திக்கர், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு சபைகள் அந்த ஒரே கோவிலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. யாருக்கு எந்த மூலை, யார் எப்போது விளக்கேற்றுவது என்பதெல்லாம் பழைய ஏற்பாட்டின்படிதான். (வேதாகமத்துப் பழைய ஏற்பாடு இல்லை, இது துருக்கி சுல்தான் காலத்து ஏற்பாடு.) வாசலுக்கு மேலே ஒரு ஜன்னலடியில் சின்ன மர ஏணி ஒன்று இருக்கிறது, நூற்றாண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அதை எடுக்க எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், யாரும் ஒத்துக்கொள்வதாக இல்லை. கோவில் சாவியோ ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. பங்காளிச் சண்டை நம்ம பக்கத்துத் தோட்டங்காடுகளில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒலிவ மலையில்தான் என் மனசு உடைந்தது. அங்கே பரலோக மந்திரக் கோவில் என்று ஒன்று, ஆண்டவர் சீடர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த இடம் என்பார்கள். சுவரெல்லாம் பீங்கான் ஓடுகளில் அந்த ஒரே ஜெபத்தை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். எத்தனை ஆயிரம் தரம் சொன்ன ஜெபம், ஆனால் அங்கே நின்று நம்ம எழுத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. பாதி கூட வரவில்லை. மஞ்சள் கொடி வந்துவிட்டது. “மேடம், உங்க ஒருத்தருக்காக 45 பேர் காத்திருக்காங்க.” அவர் சொன்னதில் தப்பில்லை, காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முடிவு பண்ணினேன், அடுத்த தடவை எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

குழுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் பக்கத்து சீட்டில் வந்த அம்மாவுக்கு முட்டி வலி, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, கலிலேயாக் கடலில் படகில் போகும்போது நம்ம ஃபாதர் தமிழில் பூசை வைத்தார், அந்த அம்மா அழுத அழுகை இருக்கிறதே, அது தனியாகப் போயிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்காது. முடியாதவர்கள் கட்டாயம் குழுவோடுதான் போக வேண்டும். என் வாதமெல்லாம், முடிந்தவளை ஏன் தடுக்கிறீர்கள் என்பதுதான்.

லூர்துக்கு விசா எடுக்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி ஆரம்பமானது. சென்னையில் விசா மையத்தில் கவுண்டரில் இருந்த பெண், என் பேத்தி வயசுதான் இருக்கும், “கூட யாரு வர்றாங்க மேடம்?” என்றது. யாரும் வரவில்லை என்றேன். “மகன் கிட்டயிருந்து லெட்டர் ஏதாவது இருக்கா?” என் பென்ஷன், என் பாஸ்புக், என் பெயரில் வீட்டுப் பத்திரம். மூன்று மாத வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குமிடம், டிக்கெட் என்று கேட்டதெல்லாம் கிளிப் போட்டு வரிசையாக வைத்திருக்கிறேன். 31 வருடம் அடுத்தவர் கையெழுத்து சரியா என்று பார்த்துப் பார்த்துப் பாஸ் பண்ணியவளுக்கு, இப்போது மகன் கையெழுத்து வேண்டுமாம். வேண்டியதில்லை என்று சொல்லி அப்படியே கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள், விசாவும் வந்துவிட்டது. கட்டணம் 90 யூரோ, மையத்துக்குத் தனியாகக் கொஞ்சம். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்தில் ஓடாமல் இரண்டு மாதம் முன்னாடியே போய்விடுங்கள்.

வீட்டில் மகன் பேசவில்லை, மருமகள்தான் ராத்திரி உட்கார்ந்து எல்லா டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தாள். “போயிட்டு வாங்க அத்தே, போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்க, போதும்” என்றாள். சொந்தக்கார நங்கையா ஒருத்தி வந்து, “தனியாப் போய் அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா?” என்று கேட்டாள். இங்கே ஏதாச்சும் ஆனாலும் நான் தனியாகத்தான் இருக்கிறேன், மகன் திருப்பூரில் கம்பெனியிலிருந்து வர ராத்திரி பத்தாகிறது. அதைச் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

வாளையார் தாண்டிக் கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போய், தோகா வழியாகப் பாரிஸ். விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்து வடக்கு நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் லா சப்பல். நம்ம யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடை வீதி அது, முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் தொங்குகிறது, பிள்ளையார் கோவில்கூட அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கடையில் இடியாப்பம் சாப்பிட்டேன். கடைக்காரர் கேட்டார்: “தனியவோ வந்தனீங்கள் அம்மா?” பாரிசுக்கு வந்தும் இந்தக் கேள்வி விடவில்லையே என்று எனக்குச் சிரிப்பு. ஆனால் அவர் கேட்ட விதம் வேறு. அவருடைய அம்மா ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் லூர்துக்குப் போவாராம், அவர்கள் சைவக் குடும்பம்! இலங்கையிலிருக்கும்போது மடு மாதாவுக்குப் போன பழக்கமாம். சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டார், டீக்கு வாங்கவில்லை.

மறுநாள் மோன்பர்னாஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் பாக் தெருவில் இருக்கிற சின்னக் கோவிலுக்குப் போனேன். நம்ம வீட்டுப் பெண்கள் கழுத்தில் போடுகிற அற்புதச் சுரூபப் பதக்கம் இருக்கிறதே, அது 1830-ல் கத்தரீன் லபூரே என்ற இளம் கன்னியாஸ்திரிக்கு மாதா காட்சி கொடுத்ததில் வந்தது, அந்த இடம் இதுதான். எந்தக் குழுவின் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் தலை எண்ணவில்லை.

அங்கிருந்து லூர்துக்கு வேக ரயிலில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். இங்கே ஒரு கூத்து நடந்தது, மகனுக்கு இதுவரை தெரியாது, இப்போது பேப்பரில் படித்துக்கொள்ளட்டும். போ என்ற ஊர் வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அடுத்தது லூர்து என்று தெரியும், அப்படியும் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் டார்ப், கடைசி நிலையம், எல்லோரும் இறங்குகிறார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பிளாட்பாரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டியிடம் “லூர்து? லூர்து?” என்று மட்டும் கேட்டேன். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு பிரெஞ்சு வராது. என் கையில் இருந்த ஜெபமாலையைப் பார்த்தார், என் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு எதிர்ப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போய், திரும்பிப் போகிற ரயில் வரும் வரை என்னோடு நின்று ஏற்றிவிட்டார். கால் மணி, இருபது நிமிஷத்தில் லூர்து. அவ்வளவுதான் நான் தொலைந்துபோன கதை.

எட்டு ராத்திரி தங்கினேன். குழுக்கள் அங்கே ஒன்று, மிஞ்சினால் இரண்டு ராத்திரி. அந்த எட்டு நாளில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அதுதான் விஷயமே. காலையில் ஆறு மணிக்கு, மாதா காட்சி கொடுத்த குகையான கெபிக்குப் போய்விடுவேன். நம்ம ஊர்க் கெபிகளெல்லாம் சிமெண்டில் பாறை மாதிரி செய்தவை, அங்கே நிஜப் பாறை, தொட்டுத் தொட்டு மழமழவென்று கறுத்துக் கிடக்கிறது, மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்திலேயே ஆறு, அதன் சத்தம் ராத்திரியில் நன்றாகக் கேட்கும். மாதாவைக் கண்ட ஏழைப் பிள்ளை பெர்னதெத் மண்ணைக் கையால் தோண்டியபோது முதலில் வந்தது வெறும் சேறு. குடித்துப் பார்த்த பிள்ளையைப் பைத்தியம் என்று ஊர் சிரித்தது. அந்த ஊற்றுதான் இன்றைக்கும் ஓடுகிறது, குழாயில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. நான் போனபோது தொட்டியில் முழுகுவதற்குப் பதிலாக பெரும்பாலும் கைகளில் தண்ணீர் ஊற்றி, முகம் கழுவி, கொஞ்சம் குடிக்க வைத்து அனுப்பினார்கள்.

எல்லா இடத்திலும் நோயாளிகளுக்குத்தான் முதல் வரிசை. நீல நிறக் கூண்டு வண்டிகளில் அவர்களை உட்கார வைத்துத் தொண்டர்கள் இழுத்துக்கொண்டு வருவார்கள், நடக்கிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும், பணக்காரனோ பதவிக்காரனோ கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. ஒவ்வொரு மொழியாக ஜெபமாலை சொல்வார்கள், ‘ஆவே’ வரும்போதெல்லாம் அத்தனை ஆயிரம் பேரும் வர்த்தியைத் தூக்குவார்கள். மூன்றாம் நாள் மழை. காகிதக் கூண்டுக்குள் என் வர்த்தி அணைந்து அணைந்து போனது, பக்கத்தில் வந்த ஒரு ஆப்பிரிக்கப் பையன் ஒவ்வொரு தடவையும் தன்னுடையதில் பற்ற வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தான்.

பெர்னதெத் வீட்டைப் பார்த்ததுதான் என்னை ரொம்ப உலுக்கியது. அப்பா மாவு மில் வைத்து நொடித்துப் போனவர். மில் போய், வாடகை வீடும் போய், கடைசியில் பழைய சிறைக் கொட்டடி ஒன்றில் ஒரே அறையில் ஆறு பேர். நம்ம வீட்டுச் சமையலறையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். விசைத்தறி நின்றுபோய், தறியைப் பழைய இரும்புக்கு எடை போட்ட வீடுகளை சோமனூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் நின்றபோது அந்த வீடுகள்தான் ஞாபகம் வந்தன. 1858 பிப்ரவரி 11-ல் விறகு பொறுக்கப் போன 14 வயசு மூச்சிரைப்புக்காரப் பிள்ளைக்குத்தான் மாதா தெரிந்தார். மொத்தம் 18 தடவை.

ஈரோட்டு வாசகர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மாதா பெர்னதெத்திடம் பேசியது பாரிஸ் பிரெஞ்சில் இல்லை, அந்த மலையடிவாரத்து ஊர்ப் பேச்சில். கெபியில் மாதா சுரூபத்துக்குக் கீழே எழுதியிருப்பதும் அந்தப் பேச்சில்தான். அதுவும் எப்படிக் கேட்டார் என்றால், பதினைந்து நாள் இங்கே வருகிற தயவு செய்வீர்களா என்று, மரியாதைப் பன்மையில். அந்தப் பிள்ளையை அதுவரை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பிள்ளைக்கே அது பெரிய ஆச்சரியமாம். எனக்கு ஆச்சரியமில்லை, நம்ம பக்கம் தொட்டில் பிள்ளையைக்கூட “வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி” என்றுதானே சொல்கிறோம்! மாதா கொங்குக்காரி மாதிரி பேசியிருக்கிறார் என்று அங்கேயே நின்று சிரித்தேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது, “கூட யாரு வர்றாங்க?” என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் மட்டும் லூர்தை விட்டு வெளியே போனேன். துலூஸ் வழியாக ரயில் மாறிக் காஸ்தெல்நோதாரி என்ற சின்ன ஊர். ஏன் போனேன் என்றால், கோயம்புத்தூரின் முதல் அப்போஸ்தலிக்கத் தலைவராக (மறைமாவட்டம் ஆகுமுன் ரோமாபுரி நியமிக்கும் தலைவர்) இருந்த மரியோன் ப்ரெசியாக் ஆண்டகை 1813-ல் பிறந்த ஊர் அது. 1842-ல் புதுச்சேரிக்குக் கப்பலில் வந்து, 1846-ல் எங்கள் கருமத்தம்பட்டியில்தான் ஆயராக அபிஷேகம் ஆனார். எங்கள் கோவிலைக் கட்டிய காலத்திலிருந்து பார்த்தால் அவர் நடுவில் வந்தவர், ஆனாலும் சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர். ஊருக்குள் போனால் பெரிய கோவிலின் பெயர் மிக்கேல் அதிதூதர் கோவில். கோவை பெரிய கடை வீதிப் பேராலயமும் மிக்கேல்தான். தற்செயலோ என்னவோ, எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஊருக்குப் பேர் போன பண்டம் வெள்ளை அவரைக்கொட்டையைக் கறி போட்டு மணிக்கணக்கில் வேக வைப்பது. சாப்பிட்டேன், நம்ம ஊர் மொச்சைக் குழம்பு கிட்டே வராது. கால்வாய்க் கரையில் உட்கார்ந்துகொண்டு, இங்கேயிருந்து ஒருத்தர் அத்தனை தூரம் வந்திருக்கிறாரே, அவர் வீட்டில் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காசு விஷயம் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆனது, தனியாகப் போனால் அறை வாடகையைப் பங்கு போட ஆளில்லை, குழுவை விட அதிகம்தான். அரசு மானியம் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். அது ஜெருசலேம் பயணத்துக்கு. 20,000 ரூபாயில் ஆரம்பித்து 37,000 ஆனது, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. லூர்துக்குக் கிடையாது. நான் பாதிச் செலவைச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தேன் என்று சொன்னால் மிகை, ஆனால் ஒரு சின்ன எலெக்ட்ரிக் கெட்டில், அரிசி, துவரம்பருப்பு, பருப்புப் பொடி கொண்டுபோனேன், கெட்டிலில் அரிசிம்பருப்பு வேகும் என்பது நானே கண்டுபிடித்தது. ஜிபே எல்லாம் அங்கே பெரும்பாலான இடங்களில் செல்லாது, யூரோ ஏற்றிய கார்டும் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். பாரிஸ் ரயில்களில் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இரண்டு லிட்டர் லூர்து தண்ணீரைச் சேலையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்தேன், எங்கள் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தில் ஆளுக்கு ஒரு மூடிதான் கொடுக்க முடிந்தது, அதற்கே மனஸ்தாபம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இஸ்ரேலுக்கு இப்போது தனியாகக் கிளம்புங்கள் என்று நான் யாரையும் தூண்டமாட்டேன். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே நிலைமை நாளுக்கொன்றாக மாறுகிறது, அந்த வருடக் கிறிஸ்துமசுக்குப் பெத்லகேமில் கொண்டாட்டமே வேண்டாம் என்று விட்டார்கள். வெளியுறவுத் துறையும் நம்ம தூதரகமும் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும், தனியாக என்றாலும் குழு என்றாலும்.

அடங்கட்டும். எனக்கு அங்கே வேலை பாக்கியிருக்கிறது, ஒலிவ மலையில் அந்தச் சுவரில் பாதி இன்னும் படிக்கவில்லை.

அதுவரைக்கும் இங்கே வேறு சங்கதி. ஜெபமாலை மாதா தேருக்கு முந்தின நாள் ஊர் வந்து சேர்ந்தேன், அடுத்த வாரமே அன்பியத்தில் ஒரு அம்மா, என்னை விட இரண்டு வயது மூத்தவர், மெதுவாக வந்து விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். போர்ச்சுகலில் பாத்திமாவுக்காம். கூட யாரு வர்றாங்க என்று எனக்கே வாய் வரை வந்துவிட்டது, முழுங்கிவிட்டேன். என் கெட்டில் இப்போது அவரிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியை,
கருமத்தம்பட்டி.
(பெயர் போட வேண்டாம், மகன் இன்னும் டார்ப் விஷயத்தைப் படிக்கவில்லை.)